நீ தேடி வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.

அன்பு மகள் ஈஸ்வரிக்கு,

போனில் பேசினால் பாதிதான் என் காதில் விழுகிறது. இத்தனை வருடம் கூம்பு ஸ்பீக்கருக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் நின்றவனுக்கு இந்த அளவாவது கேட்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று பதில் சொல்ல, உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள். நீ வைத்த பிறகு அவள் சத்தம் போட்டுச் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. உனக்கு ஜெர்மனியில் வேலை உறுதியாகிவிட்டது, தை பிறந்ததும் கிளம்புகிறாய், ஆஸ்பத்திரி இயந்திரங்களுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டிகளை வடிவமைக்கப் போகிறாய். இதற்கெல்லாம் நான் போனில் "சாப்பிட்டேன் தாயி, சாப்பிட்டேன்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். பேச்சில் விட்டுப்போனதை எழுத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு நீ இதைப் படித்துக் காட்டினாலும் எனக்குக் கூச்சமில்லை.

மகளைக் கடல் தாண்டி அனுப்புகிற அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கம்பளி வாங்கிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண்விழிக்காதே என்பதையெல்லாம் உன் அம்மா பார்த்துக்கொள்வாள். நான் சொல்ல நினைப்பது வேறு. நீ இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்தபோது நீயே பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் செய்தாயே, அந்தக் கதை. எல்லாம் நீ செய்ததுதான், உனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

முதலில் ஒன்று. மின்சாரத்தைப் பார்த்து வாய்பிளப்பது எனக்குச் சின்ன வயதிலேயே வந்த வியாதி. உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் கம்பம் நட்டு வயர் இழுத்தபோது பெரிய தெருவோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள் குடியிருந்த எங்கள் தெருவுக்கு அது வந்துசேரப் பல வருடம் ஆனது. வந்த அன்று உன் தாத்தா சுவிட்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, கடைசியில் வெளியே போய் உட்கார்ந்து தூரத்திலிருந்து எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரேடியோ செட் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும், மதுரைக்கு வந்ததும், வண்டியூரில் வாடகைக்கு வீடு பிடித்துச் சொந்தமாக மைக் செட்டும் ஜெனரேட்டரும் வைத்ததும் அந்த ஒரு பல்பின் பின்னாலேயே போனதால்தான். ஆனாலும் மின்சாரம் என்றால் எனக்கு வெளிச்சம், சத்தம். அது காத்திருக்கும், யோசிக்கும், தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் என்பதெல்லாம் நீ சொல்லித்தான் தெரியும்.

உன் கல்லூரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விளையாடப் பழகினாய். ஒருவரையொருவர் துரத்திச் சுடுகிற விளையாட்டு. "பொம்பளப்புள்ளைக்குத் துப்பாக்கி வெளாட்டு எதுக்குடி?" என்று உன் அம்மா கேட்டதற்கு, "குறி பாக்குறதுல பசங்களவிட நான்தான்மா முந்துறேன்" என்றாய். பிரவுசிங் சென்டரில் போய் விளையாட உனக்குப் பிடிக்கவில்லை. அங்கே உன் திரையை விட உன்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள் என்று பின்னால் சொன்னாய். வீட்டிலேயே ஒரு மெஷின் வேண்டும், கடையில் தயாராக விற்பது இந்த விளையாட்டைத் தாங்காது, நானே செய்கிறேன் என்றாய். டியூஷன் எடுத்துச் சேர்த்ததில் ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. மதர்போர்டு, பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, பிறகு எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற கேபினெட். கேபினெட்டோடு சேர்ந்தே கரண்ட் கொடுக்கிற பெட்டியும் வந்தது. அதைத்தான் எஸ்.எம்.பி.எஸ். என்றாய்.

எல்லாம் வந்துவிட்டதே, மாட்டிப் பார் என்றேன் நான். நீ அந்தப் பெட்டியைக் கழற்றி எடுத்து என் கையில் கொடுத்தாய்.

"தூக்கிப் பாருங்கப்பா."

தூக்கினேன். காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. எனக்குச் சட்டென்று புரிந்தது. ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது நாங்களும் அப்படித்தான். மேலே பெரிய எழுத்தில் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருந்தாலும், தூக்கிப் பார்த்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். "வெயிட்டே இல்லையே புள்ள" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. நீ சிரித்தாய். "வெயிட்ட மட்டும் நம்பவும் முடியாதுப்பா. உள்ள சும்மா இரும்புத்துண்ட வெச்சு முடுக்கி விக்கிறவனும் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாய். மொத்தம் இத்தனை வாட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்க்கக் கூடாது, பன்னிரண்டு வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்றுதான் பார்க்க வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் அதிலிருந்துதான் உறிஞ்சும், இதில் அது பாதிகூட இல்லை என்றாய். நான் நிறுத்திய இடத்தைத் தாண்டி நீ எவ்வளவோ தூரம் போயிருந்தாய்.

அதன் பிறகு நீ தேட ஆரம்பித்தாய். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் உன்னை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனது நினைவிருக்கிறது. ஒரு கடைக்காரர் நல்ல மனுஷன், பொறுமையாகத்தான் பேசினார். "ஏம்மா, கேபினெட் வாங்கினா இது சும்மாவே வருது. இத மட்டும் தனியா யாரும்மா கேப்பா? ரேம் கூடப் போடு, ஸ்பீடு வரும்." நீ விடவில்லை. "அண்ணே, பன்னெண்டு வோல்ட்டுல ஆம்ப்ஸ் எம்புட்டுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அளவுக்கு மேல வோல்டேஜ் வந்தா தானா கட் ஆகுமா?" என்று கேட்டாய். அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பித் திருப்பிப் படித்துக் காட்டினார். உனக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருவதாக அவரே ஒப்புக்கொண்டார். எப்போது வரும் என்றுதான் அவராலும் சொல்ல முடியவில்லை.

சித்திரைத் திருவிழா வந்தது, போனது. எனக்கு ஊரெல்லாம் வேலை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கட்டிலுக்கடியில் உன் பெட்டிகள் பிரித்தும் பிரிக்காமலும் அப்படியே கிடக்கும். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இருக்கிற பெட்டியை மாட்டி ஒருதடவை ஓட்டித்தான் பாரேன், ஒருநாளில் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன். அப்போது நீ கடையிலிருந்து எரிந்துபோன ஒரு பழைய எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வைத்திருந்தாய். தரையில் பேப்பரை விரித்து அதன் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினாய். நான் வழக்கம்போல விரலை நீட்டினேன். "தொடாதீங்கப்பா!" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"பிளக்குலயே மாட்டலையே தாயி."

"மாட்டாட்டியும் உள்ள கரண்டு நிக்கும். இந்தா, சின்ன டப்பா மாதிரி நிக்குதுல்ல, இது புடிச்சு வெச்சுக்கிரும். ரொம்ப நாளாக் கெடக்குற பொட்டிதான், இருந்தாலும் கை வைக்காதீங்க."

பிறகு ஒரு பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு விளக்கினாய். சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை இது முதலில் நேர்மின்சாரமாக்கும், பிறகு ஒரு வினாடிக்குள் பல்லாயிரம் தடவை வெட்டும், வெட்டியதைக் குறைத்து, மறுபடி தண்ணீர் மாதிரி சமமாக்கி, பன்னிரண்டு, ஐந்து, மூன்று சொச்சம் என்று தனித்தனி வயரில் பிரித்துக் கொடுக்கும். ஒரு வினாடிக்குள் பல்லாயிரம் தடவையா என்று நான் இரண்டாம் முறை கேட்டேன். என் ஜெனரேட்டர் வினாடிக்கு ஐம்பது தடவை மாறுவதற்கே எத்தனை இரைச்சல் போடுகிறது! இது உள்ளங்கையில் அடங்குகிற சுருள், சத்தமே இல்லாமல் செய்கிறது என்கிறாய். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னைத் திகைக்க வைத்தது. சுவிட்சைப் போட்டவுடன் இது கம்ப்யூட்டரை எழுப்பாதாம். முதலில் தன் ஒவ்வொரு லைனையும் தானே சரிபார்க்குமாம். எல்லாம் நிலையாக நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் தனியாக ஒரு வயரில் சேதி அனுப்புமாம். "அந்தச் சேதி வர்ற வரைக்கும் பிராசசர் கண்ணே தொறக்காதுப்பா. மட்டமான பொட்டியில அந்த வயர் சும்மா பேருக்கு இருக்கும். ஒண்ணையும் பாக்காமலே எல்லாம் சரின்னு சொல்லிரும்."

"சரி, ரெண்டும் ஒருநாள் எரியத்தானே போகுது?" என்றேன்.

"எரியும். ஆனா நல்லதுன்னா, தாங்க முடியலன்னா தானா நின்னுக்கும். அதயும் மீறிச் செத்தாலும் தனியாச் சாகும். மட்டமானது சாகுறப்ப கூட இருக்குற அம்புட்டையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரும்."

நீ இதை ஒரு பாடம் போலச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு கொஞ்சம் கம்மி என்கிற குரலில் சொல்லிவிட்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். நான்தான் எழுந்திருக்க மறந்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆடி கழிகிற சமயத்தில் சென்னையிலிருந்து உன் பெட்டி வந்தது. அதை இரண்டு கையாலும் வாங்கி நீ மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்ததும், வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, சுவிட்சை நீ போடாமல் அம்மாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னதும் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவள் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. "என்னடி, சத்தத்தையே காணோம்? கெட்டுப்போச்சா?" என்று பயந்து கையை எடுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபத்தைந்து வருடமாக மின்சாரம் வந்தால் ஏதாவது ஒன்று உறுமும் என்றே பழகிவிட்டவன் நான். நீ மெதுவாகத் திரையைக் காட்டினாய். அது எழுந்து உட்கார்ந்திருந்தது.

இனி அந்தப் போட்டி. ஊருக்கு வெளியே, உசிலம்பட்டி ரோட்டில் பொட்டல்காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு கல்லூரியில் விழா. அதில் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டியும் உண்டு, சொந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. அவர்களுடைய அரங்கம் புதிதாகக் கட்டியது, இன்னும் கரண்ட் இணைப்பு வரவில்லை. அதனால் ஜெனரேட்டருக்கு ஆள் தேடினார்கள், அந்த வேலை என்னிடம் வந்தது. நீ போட்டிக்குப் போகிற இடத்தில் நான் கைலியும் கிரீஸுமாக ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்குமே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சங்கடம். காலையில் உன்னை வாசலில் இறக்கிவிட்டு, நீ உன் பாட்டுக்கு இருந்துக்க, என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்க வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. முதல் சுற்று முடிந்ததும் நீ ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு ஜெனரேட்டர் நின்ற மரத்தடிக்கே வந்தாய்.

"அப்பா, இது கோபிநாத். செமையா வெளாடுறான். கோபி, எங்கப்பா. இந்த ஜெனரேட்டர் எங்களோடதுதான்."

எங்களோடது என்றாய். அந்தப் பையன் "வணக்கம் அங்கிள், எம்புட்டு கேவிஏ இது?" என்று அதன் சக்தியைக் கேட்டு, ஆசையாகச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். அவன் சௌராஷ்டிரா வீட்டுப் பையன், அப்பா தெற்குமாசி வீதிப் பக்கம் சேலை வியாபாரம், கடையில் டிசைன் போடுகிற கம்ப்யூட்டரைத்தான் கெஞ்சிக் கூத்தாடித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நீ சொன்னாய். "எஸ்.எம்.பி.எஸ். மட்டும் கேபினெட்டோட வந்ததே போட்ருக்கான், சொன்னாக் கேக்கமாட்டேங்குறான்" என்று அவனை ஒரு இடி இடித்தாய். நீங்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனீர்கள். என் கைலியின் கறையை நான் ஒருவன்தான் கவனித்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு இறுதிச் சுற்று. நீயும் கோபிநாத்தும். நான் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தேன். காதில் ஹெட்போன், முதுகு நேராக, கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாய். சுற்றிலும் கூட்டம். தோற்றவர்களும் மெஷினை அணைக்காமல் அங்கங்கே வேடிக்கைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உன் பக்கம் கைதட்டல் கூடுவதிலிருந்து நீ முந்துகிறாய் என்று தெரிந்தது. நான் மறுபடி மரத்தடிக்குப் போனேன். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எஞ்சின் வேகம் மாறினால் என் காது உடனே சொல்லிவிடும். ஆனால் அன்று கெட்டது எஞ்சின் இல்லை, வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர். காலையில் சோதித்தபோது நன்றாக இருந்த சாமான் அது. தற்செயலாக மீட்டரைப் பார்த்தேன். முள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறுகிற வேகத்துக்கு எதுவும் தாங்காது. உள்ளே இருந்த மெஷினெல்லாம் யார் யாரோ பெற்ற பிள்ளைகள் வீட்டில் அழுது வாங்கியது. மெயின் சுவிட்ச் ஜெனரேட்டருக்கு அந்தப் பக்கம். நான் சுற்றி ஓடினேன்.

என் கை சுவிட்சைத் தொடவில்லை ஈஸ்வரி. அதற்கு முன்பே எஞ்சின் திடீரென்று லேசாகி ஒரு மூச்சு விட்டது. தலைச்சுமையை இறக்கியவன் விடுவானே, அந்த மாதிரி. உள்ளே யாரோ மொத்த லோடையும் பிடுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்திவிட்டு அரங்கத்துக்குள் ஓடினேன்.

நீ சுவரோரம் இருந்த மெயின் பெட்டியின் பிடியை இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஹெட்போன் கழுத்தில் தொங்க, அதன் வயர் அறுந்து இழுபட்டுக் கிடந்தது. கூட்டம் ஒரே கூச்சல். நடந்ததைப் பிறகு ஒவ்வொருவராகச் சொல்லி நான் கோத்துக்கொண்டேன். கோபிநாத்துக்கு இன்னும் ஒரே ஒரு உயிர் மிச்சம், நீ அவனை மூலையில் மடக்கிவிட்டாய், குறியும் வைத்துவிட்டாய். அந்த நேரத்தில் மேடைக்கு மேலே தொங்கிய குண்டு பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளையாக மாறியதைப் பார்த்திருக்கிறாய்; வோல்டேஜ் ஏறினால்தான் அது அப்படி எரியும். "எல்லாரும் பிளக்கப் புடுங்குங்க! புடுங்குங்கடா!" என்று கத்திக்கொண்டு எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, பெட்டியை நோக்கி ஓடியிருக்கிறாய். நீ பிடியை இழுப்பதற்குள் அந்த பல்பு வெடித்துவிட்டது. ஓரத்தில் ஒரு மெஷினிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. அத்தோடு சரி.

விழாவை நடத்திய ஆசிரியர் என்னிடம் வந்து என்னவென்று கேட்டார். ரெகுலேட்டர் போய்விட்டது சார், வோல்டேஜ் ஏறிவிட்டது என்றேன். அவர் வெடித்த பல்பைப் பார்த்தார், வரிசையாக இருந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். தன் கையாலேயே ஒவ்வொரு பிளக்காகக் கழற்ற ஆரம்பித்தார். உன் கல்லூரிப் பையன்களுக்குத்தான் ஆத்திரம். "ஒரு அடி அடிச்சிருந்தா கப்பு நமக்கு! அடிச்சிட்டு எந்திரிச்சிருக்கக் கூடாதா?" என்றான் ஒருவன். கோபிநாத் முகம் வெளுத்துப்போய் உன் எதிரில் வந்து நின்றான்.

"நீ ஜெயிச்சிருப்பியே. ஒன் மெஷினு தாங்கியிருக்கும்ல?"

"என்னோடது தாங்கும்" என்றாய் நீ. அப்போதுதான் உனக்கு மூச்சு வாங்கியது. "தாங்காட்டியும் அந்தப் பொட்டி மட்டும்தான் போயிருக்கும். ஒன்னோடது ஒங்கப்பா டிசைனெல்லாம் சேத்து முழுங்கியிருக்கும். நான்தான் சொன்னேன்ல லூசு."

நான் அங்கேதான், இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். திருவிழாக்களில் ஊரே நிமிர்ந்து பார்க்கிற வெளிச்சத்தையெல்லாம் கட்டியவன்தான் நான். ஆனால் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. அந்த அரங்கத்தில் ஆபத்து இல்லாத ஒரே மெஷின் உன்னுடையது. வெயில் காலம் முழுக்கக் காத்திருந்து, கடைகடையாக ஏறி இறங்கி, அம்மாவிடமும் என்னிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு, அந்த ஒரு பாதுகாப்பைத் தேடி வைத்திருந்தவள் நீ. உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் போதும்.

அந்த ஆட்டம் செல்லாது என்று அறிவித்து வேறொரு நாள் மறுபடி வைத்தார்கள். ரெகுலேட்டரை மாற்றி, நாள் முழுக்க லோடு கொடுத்துச் சோதித்துவிட்டு அதே ஜெனரேட்டரைத்தான் நான் கொண்டுபோனேன். அன்றைக்கு நீ தோற்றாய். கொஞ்சமும் சந்தேகமில்லாமல் தோற்றாய். கோபிநாத் உன்னை ஓட ஓட விரட்டி அடித்தான். நீ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னைக்கி நீதான்டா" என்று அவன் கையைக் குலுக்கினாய். திரும்பி வருகிற வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இளநீர் குடித்தாய். எனக்கு வாங்கியதையும் உன்னிடமே நீட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கோபிநாத் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. நம் தெருவுக்குள் அவரைப் போன்ற வியாபாரிகள் வந்து நான் பார்த்ததில்லை. உட்கார நாற்காலி தேடி உன் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் அவர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உன் அம்மா கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்துக்கொண்டே உன்னைப் பார்த்து, "அம்மா, என் கடைக்கு ஒரு நல்ல பொட்டி வேணும். எது வாங்கணும்னு நீ சொல்லு. இவன் பேச்சை இனிமே கேக்குறதா இல்லை" என்றார். நீ உன் மெஷினைத் திறந்து காட்டி, சீட்டில் எதைப் படிக்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தாய். அப்பாவும் மகனும் நடுநடுவே அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள், பிறகு உன்னிடம் தமிழில் சந்தேகம் கேட்டார்கள். என் அப்பா அடுத்தவர் வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவர். அவர் பேத்தி பேசிக்கொண்டிருக்கிறாள், நகரத்து வியாபாரி ஒருவர் தரையில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது அவர் என் தோளைத் தொட்டு, "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்றார்.

"இல்லண்ணே" என்றேன். "எனக்கே அவதான் சொன்னா."

அவர்கள் போன பிறகு, அத்தனை நாளாக எனக்குள்ளேயே இருந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு அந்த மெஷின்கள் எரிந்திருந்தால் என் பேரும் தொழிலும் அதோடு முடிந்திருக்கும். அப்புறம் யார் நம்பி ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? நீ அதை நினைத்துத்தான் ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டு எழுந்தாய் என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டிருந்தேன். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"தாயி, அன்னைக்கி அப்பாவுக்காகவா எந்திரிச்ச?"

நீ கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பிடித்தமாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். உனக்கு அது வரவில்லை.

"அப்பிடியெல்லாம் யோசிக்க எங்கப்பா நேரம்? பல்பு வெள்ளையா எரிஞ்சுச்சு. எந்திரிச்சுட்டேன்."

சொல்லிவிட்டுத் துணியை மடிக்க உள்ளே போய்விட்டாய். எத்தனையோ கோவில் வாசலில் பந்தல் போட்டு, சீரியல் விளக்கு கட்டி, சாமி வெளியே வருகிற நேரத்தில் ஊரோடு சேர்ந்து கையெடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் வீட்டுக்குள் பார்த்துக் கையெடுக்கத் தோன்றியது. பெற்ற பிள்ளையைக் கும்பிடக் கூடாது என்று உன் அம்மா சண்டைக்கு வருவாள். அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனேன்.

உன் அப்பா